நோயை யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது?

சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, முடக்குவாதம் என்று ஏதோ ஒரு நீண்டகால நோயோடு புது நாட்டுக்கு வந்திருக்கிறீர்களா? வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று அலைவதற்கு நடுவே இதையும் ஒருமுறை யோசித்துவிடுங்கள்: யாருக்கு என்ன தெரிய வேண்டும்? நெருக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தெரிந்தால் அவரால் உங்களுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். சித்த, ஆயுர்வேத மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள். சில மூலிகைகள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையோடு ஒத்துப்போவதில்லை. மாத்திரையின் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக்கொண்டு போங்கள். சர்க்கரைக் கணக்கும் இப்படித்தான். அளக்கும் அலகு வேறு என்பதால், இந்தியாவில் 180 என்று வரும் ரத்தச் சர்க்கரை அளவு பிரிட்டனிலும் கனடாவிலும் 10 என்று வரும்.

மொழி தடுமாறினால் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முதலில் கேளுங்கள். கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது அவர் தொழிலின் விதி. தெரிந்த அண்ணனையோ அக்காவையோ கூட்டிப்போனால் உதவிதான். ஆனால் உங்கள் நோய் அவருக்கும் தெரியும், அப்புறம் அவர் வீட்டுக்கும் தெரியும். பிள்ளைகளை இந்த வேலைக்கு இழுக்கவே வேண்டாம்.

காப்பீடு, விசா, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் படிவங்களில் கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால், பணம் தேவைப்படும் நேரத்தில் காப்பீடு கைவிரித்துவிடலாம். பிரிட்டனில் தொடர்ந்து இன்சுலின் போடுபவர்களும் வலிப்பு வந்தவர்களும் உரிமம் தரும் அலுவலகத்துக்குத் தாங்களாகவே தெரிவித்தாக வேண்டும்.

வேலை இடம்தான் பலரையும் குழப்புவது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்லும் முன் நிறுவனம் உங்கள் நோயைப் பற்றி விசாரிக்கக் கூடாது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமும் சில விலக்குகளோடு இதையே சொல்கிறது. ஆகவே நேர்காணலில் நீங்களே முந்திக்கொண்டு கொட்ட வேண்டியதில்லை. சேர்ந்த பிறகு ஏதாவது மாற்றம் தேவைப்பட்டால், நோயின் கதையை விட்டுவிட்டுத் தேவையிலிருந்து ஆரம்பியுங்கள்: “எனக்கு ஒரு நீண்டகால உடல்நலப் பிரச்சினை இருக்கிறது. தொடர்ந்து நிற்க முடியாது, உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும்.” மருத்துவரின் கடிதம் கேட்கலாம், கொடுங்கள். மேலாளரோடு டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொல்வதைவிட மனிதவள அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவது நல்லது. கேட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும்.

திடீரென்று மயங்கி விழ வாய்ப்புள்ள நோய் என்றால் கூட வேலை செய்பவர் ஒருவருக்கும் அறையில் உடன் இருப்பவருக்கும் கட்டாயம் சொல்லுங்கள். வரலாறு வேண்டாம், என்ன செய்ய வேண்டும் என்பது போதும். சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால் இனிப்பான பானம் தரலாம். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

மற்றவர்கள்? அது முழுக்க உங்கள் விருப்பம். நம்மவர்கள் அக்கறையோடுதான் கேட்பார்கள், கூடவே வைத்தியமும் சொல்வார்கள். “பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போது பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு அவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு தானாகத் திரும்பிவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் நோயின் பெயரைப் போட்டு நல்ல டாக்டர் யார் என்று கேட்காதீர்கள். நீங்கள் அழிப்பதற்குள் யாராவது பகிர்ந்திருப்பார்கள். மெல்ல ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.

கடைசியாக, பூட்டிய போனிலேயே தெரியும்படி அவசர மருத்துவக் குறிப்பைப் பதியும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. மருந்து, ஒவ்வாமை, கூப்பிட வேண்டிய ஒருவரின் எண் ஆகியவற்றைப் போட்டுவையுங்கள். போனை எடுக்கும் யாரும் அதைப் படிக்கலாம் என்பதால் அதற்கு மேல் எழுத வேண்டாம்.