பத்வா இருக்கிறது, சரி; அதற்கப்புறம் யார் பார்க்கிறார்கள்? இஸ்லாமிய வங்கியைச் சோதித்துப் பார்க்கும் வழி

வட்டியைத் தவிர்த்து நடக்கும் இஸ்லாமிய வங்கியில் பணம் போடப் போகிறவரும் சரி, வீட்டுக்கோ காருக்கோ நிதி வாங்கப் போகிறவரும் சரி, பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: "பத்வா இருக்கிறதா?" இருக்கும். இது மார்க்கப்படி கூடும் என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் எழுதித் தரும் பத்வா இல்லாமல் யாரும் கடை விரிப்பதில்லை. ஆலிம்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தின்படியே வங்கி நடக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள், நடக்கவில்லை என்றால் எந்தச் சட்டத்தின் கீழ் யாரிடம் போய் நிற்பது, இந்த இரண்டையும்தான் விசாரிக்க வேண்டும். பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

முதல் வேலை, உரிமம். நிறுவனத்தின் பெயர் அந்த நாட்டு மத்திய வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆலிம்கள் எத்தனை பேர் மேடையில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். "ஹலால் முதலீடு, மாதாமாதம் இவ்வளவு லாபம் நிச்சயம்" என்று யாராவது சொன்னால் பட்டியலைக்கூடப் பார்க்க வேண்டாம். லாப நஷ்டப் பங்கு என்று சொல்லிவிட்டு லாபத்துக்கு மட்டும் உத்தரவாதம் தருகிறார் என்றால், அந்தப் பேச்சு மார்க்கத்திலும் நிற்காது, கணக்கிலும் நிற்காது.

ஆனால் உரிமம் இருப்பதாலேயே அரசு ஷரீஆவையும், அதாவது மார்க்கச் சட்டத்தையும், பார்த்துக்கொள்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. இது நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவில் மத்திய வங்கியிலேயே 1997 முதல் ஷரீஆ ஆலோசனைச் சபை இருக்கிறது. நீதிமன்றத்தில் ஷரீஆ பற்றிய கேள்வி எழுந்தால் அந்தச் சபையின் முடிவு நீதிபதியையே கட்டுப்படுத்தும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஷரீஆவை மீறி நடக்கும் நிறுவனத்துக்கு இரண்டரைக் கோடி ரிங்கிட் வரை அபராதம், பொறுப்பானவருக்கு எட்டு வருடம் வரை சிறை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் கதை வேறு. அங்கே கட்டுப்பாட்டு அமைப்பு வங்கியின் மூலதனத்தைப் பார்க்கும், வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கும்; கூடுமா கூடாதா என்பது எங்கள் வேலையில்லை என்று ஒதுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாட்டில் மார்க்க மேற்பார்வை முழுக்க வங்கி வைத்திருக்கும் ஆலிம்கள் குழுவான ஷரீஆ வாரியத்தின் தலையில்தான்.

அதனால் அடுத்து அந்த வாரியத்தைப் பாருங்கள். பஹ்ரைனில் இருக்கும் அயோஃபி, இத்துறைக்குக் கணக்கு, தணிக்கை, ஷரீஆ விதிமுறைகளை வகுக்கும் அமைப்பு. வாரியத்தில் குறைந்தது மூன்று பேர் வேண்டும், நியமிப்பது பங்குதாரர்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. மலேசியாவில் ஐந்து பேர். பெயர்களைத் தேடினால் சில அறிஞர்கள் பல வங்கிகளின் வாரியங்களில் இருப்பது தெரியும். அதில் குற்றம் இல்லை, தகுதியானவர்கள் குறைவு. ஆனாலும் அத்தனை வங்கிகளின் கோப்புகளையும் ஒரு மனிதர் எப்போது படிப்பார் என்ற கேள்வி எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம் ஆண்டறிக்கை. ஷரீஆ வாரியத்தின் அறிக்கை அதில் ஒரு பக்கமோ இரண்டோ இருக்கும், யாரும் படிப்பதில்லை. அதில் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள்: நடந்த பரிவர்த்தனைகளை எடுத்துச் சோதித்தோம் என்று சொல்கிறார்களா, ஷரீஆவுக்குப் புறம்பாக வந்த வருமானம் இவ்வளவு, அதைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று தொகை போட்டிருக்கிறார்களா. தொகை இருந்தால் பயப்பட வேண்டாம், யாரோ தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வருடா வருடம் பூஜ்யம் என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

உங்கள் காகிதத்தையும் நீங்களே சோதிக்கலாம். முராபஹாவில் கார் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள்: வங்கி 100க்கு வாங்கி உங்களுக்கு 120க்கு விற்கும், நீங்கள் தவணையில் கட்டுவீர்கள். இது வியாபாரமா, வட்டிக் கடனா என்பது தேதிகளில் தெரிந்துவிடும். வாங்கிக்கொள்கிறேன் என்று நீங்கள் தரும் வாக்குறுதி முதலில், வங்கி தன் பெயரில் வாங்கிய ரசீது அடுத்து, உங்களுக்கு விற்ற ஒப்பந்தம் கடைசியில். வாங்குவதற்கு முன்பே விற்றதாகத் தேதி இருந்தால், கையில் இல்லாத பொருளை விற்றிருக்கிறார்கள், அது செல்லாது. எல்லாக் காகிதத்தையும் ஒரே மேசையில் அடுக்கி ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேளுங்கள்: "நீங்கள் வாங்கி, எனக்கு விற்பதற்கு முன்னால் கார் எரிந்துபோனால் நஷ்டம் யாருக்கு?" எங்களுக்கு என்று தயங்காமல் சொன்னால் சரி. தவணை தாமதமானால் வாங்கும் பணம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். அயோஃபி விதிப்படி அது தர்மத்துக்குப் போக வேண்டும். மலேசியாவில் உண்மையான நஷ்டத்தின் அளவுக்கு வங்கி எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்று ஞாபகம் இருக்கட்டும், ஷரீஆ முத்திரை என்றால் எல்லா அறிஞரும் ஒத்துக்கொண்டது என்று பொருளில்லை. பணம் கைக்கு வருவதற்காகவே வங்கி ஏற்பாட்டில் பொருளை வாங்கி உடனே விற்கும் தவர்ருக் முறையை, 2009இல் ஷார்ஜாவில் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் அமைப்பான சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி கூடாது என்றது. மலேசியச் சபையோ அனுமதிக்கிறது. யாருடைய முடிவை ஏற்பது என்பதை நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் எந்த நாட்டுச் சட்டம் என்று ஒரு வரி இருக்கும். அதைக் கட்டாயம் படியுங்கள். பஹ்ரைனின் ஷாமில் வங்கிக்கும், அதனிடம் பணம் வாங்கிய வங்கதேச நிறுவனமான பெக்சிம்கோவுக்கும் நடந்த வழக்கில், ஷரீஆ கோட்பாடுகளுக்கு உட்பட்டு இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும் என்று ஒப்பந்தம் சொன்னது. பணம் வாங்கியவர்கள் இது உண்மையில் வட்டிதான், ஷரீஆவை மீறியது, செல்லாது என்றார்கள். 2004இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு நாட்டின் சட்டம்தான் ஒப்பந்தத்தை ஆள முடியும், ஷரீஆ என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்றது. 2017இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் எரிவாயு நிறுவனமான டானா காஸ், தான் வெளியிட்ட 70 கோடி டாலர் சுகூக்கையே (இஸ்லாமிய முறைக் கடன் பத்திரத்தையே) சட்டப்படி செல்லாதது என்று சொல்லிப் பணம் தர மறுத்தபோதும் லண்டன் நீதிமன்றம் முதலீட்டாளர் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆக, வாய்ப்பேச்சாகவும் முகவுரையாகவும் இருக்கும் ஷரீஆ நீதிமன்றத்தில் உதவாது. தாமதக் கட்டணம் தர்மத்துக்குப் போகும், விற்கும் வரை பொருளின் நஷ்டம் வங்கியுடையது, முன்கூட்டிக் கட்டினால் இவ்வளவு தள்ளுபடி என்று உங்களுக்கு முக்கியமான ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் தனித்தனி விதியாக இருக்க வேண்டும். அதிகாரி "அதெல்லாம் எங்கள் பத்வாவிலேயே இருக்கிறதே" என்பார். அந்த வரியை ஒப்பந்தத்திலும் சேர்த்துத் தாருங்கள் என்று கேளுங்கள்.