பெங்களூர்ல டவுன் சிண்ட்ரோம் சாரிட்டி கேலாவுக்கு போறீங்களா? போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவ படிச்சிடுங்க

மார்ச் மாசம் வந்தாலே இங்க நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு அழைப்பு சுத்த ஆரம்பிச்சிடும், டவுன் சிண்ட்ரோம் இருக்கறவங்களுக்காக சாரிட்டி கேலா, அதாவது நிதி திரட்டற விருந்து, சீட்டு இவ்வளவு, ஒரு டேபிள் மொத்தமா எடுத்தா இவ்வளவுன்னு. மார்ச் ஏன்னா 21ஆம் தேதி உலக டவுன் சிண்ட்ரோம் தினம். நம்ம உடம்பு செல்லுல குரோமோசோம் (அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற மரபணு இருக்கற இழை) 46 இருக்கும், ஜோடி ஜோடியா. டவுன் சிண்ட்ரோம் இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு 21ஆவது குரோமோசோம் மட்டும் ரெண்டுக்கு பதிலா மூணு, மொத்தம் 47. 21ஆவது, மூணு, அதனாலதான் மூணாவது மாசம் 21ஆம் தேதி. 2006ல ஆரம்பிச்சாங்க, 2012ல இருந்து ஐ.நா.வும் கடைப்பிடிக்குது.

எங்க அக்கா பொண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம். 26 வயசு, அல்சூர்ல வீடு, என்னை சித்தின்னு கூப்பிடுவா. அவகூட இந்த மாதிரி அஞ்சாறு நிகழ்ச்சிக்கு போயிருக்கேன், ஒரு வருஷம் வாலண்டியராவும் நின்னேன். நல்ல மனசோட வர்றவங்க கூட எப்படி நடந்துக்கறதுன்னு தெரியாம தயங்கி நிக்கறதைப் பாத்திருக்கேன், அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

முதல்ல டிக்கெட். காசு கட்டறதுக்கு முன்னாடி நடத்தறவங்களுக்கு போன் போட்டு, இந்த பணம் எதுக்கு போகுதுன்னு கேளுங்க, தப்பே இல்ல, ஒழுங்கா நடத்தறவங்க சந்தோஷமா சொல்லுவாங்க. ஸ்பீச் தெரபிக்கா, ஃபிசியோவுக்கா, ஹார்ட் ஆபரேஷனுக்கா (இவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் பிறக்கும்போதே இதயத்துல ஏதாவது குறையோட பிறக்கறாங்க), இல்ல பெரியவங்களுக்கான வேலைப் பயிற்சிக்கா. நான் கடைசியா சொன்னதை அழுத்தி கேக்க சொல்லுவேன். அமெரிக்காவுல 1983ல இவங்க சராசரி ஆயுசு 25 வருஷம்தான், இப்ப 60 கிட்ட வந்துடுச்சு, இதய ஆபரேஷன் எல்லாம் வந்ததுதான் பெரிய காரணம். ஆனா போஸ்டர்ல எப்பவும் சின்ன குழந்தை படம்தான் இருக்கும். எங்க அக்கா மாதிரி அம்மாக்களுக்கு ராத்திரி தூக்கம் போறது "எங்களுக்கு அப்புறம் இவளை யார் பாத்துப்பா"ங்கற கேள்வியிலதான், அதுக்கு பணம் ஒதுக்கறவங்களா பாத்து குடுங்க.

80ஜி, அதாவது நன்கொடைக்கு கிடைக்கற வருமான வரி கழிவு, அதைப் பத்தியும் அப்பவே கேட்டுக்கோங்க. டிக்கெட் காசுல உங்க சாப்பாட்டுக்கு ஒரு பங்கு போகுது, அதனால முழு தொகைக்கும் ரசீது கிடைக்கும்னு நினைச்சுக்காதீங்க. தனியா நன்கொடை குடுக்கறதா இருந்தா 2000 ரூபாய்க்கு மேல கேஷா குடுத்தா கழிவு கிடையாது, யுபிஐ இல்ல செக்கா குடுங்க, பான் நம்பரும் குடுங்க, அப்பதான் சான்றிதழ் வரும். பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான் இது பலன்.

இன்னொண்ணு கண்டிப்பா கேளுங்க: டவுன் சிண்ட்ரோம் இருக்கறவங்க விருந்தாளிகளோட ஒரே டேபிள்ல உக்காருவாங்களா? ஏன் கேக்க சொல்றேன்னா, சில வருஷம் முன்னாடி ஒரு பெரிய ஹோட்டல்ல நடந்த நிகழ்ச்சியில எங்க பொண்ணோட சேத்து எல்லா பசங்களையும் கடைசியில கிச்சன் கதவு பக்கத்துல ஒரே டேபிள்ல உக்கார வெச்சுட்டாங்க. நடுவுல கூப்பிட்டு மேடையில ஆட வெச்சாங்க, எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க, அது முடிஞ்சதும் டின்னருக்கு முன்னாடியே பசங்களை வேன்ல ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க. பட்டுப்பாவாடையோட வேன் படியில நின்னுகிட்டு "சித்தி, நமக்கு சாப்பாடு இல்லையா?"ன்னு கேட்டா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதனால டேபிள் எடுக்கறவங்க பத்து சீட்டுல ரெண்டு சீட்டை அவங்களுக்குன்னு எழுதி குடுங்க, நீங்க கேட்டா நடத்தறவங்க செய்வாங்க, காசு குடுக்கறவங்க கேக்கறதுக்கு ஒரு பலம் இருக்கு.

டிரெஸ் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம். பிளாக் டைன்னு போட்டிருந்தா கோட் சூட், பட்டுப்புடவை தாராளமா போகலாம். கால்ல மட்டும் ஜோடி இல்லாத சாக்ஸ், ஒண்ணு மஞ்சள் ஒண்ணு பச்சை மாதிரி. குரோமோசோம் வடிவம் சாக்ஸ் மாதிரி இருக்கறதால வந்த வழக்கம் இது, உலகம் பூரா போடறாங்க. புடவைக்கு கீழ ஷூவும் சாக்ஸும் போட்டு வர்ற ஆன்ட்டிங்களைப் பாத்தா எங்க பொண்ணு ஓடிப்போய் தன் காலை நீட்டி காட்டுவா, பேச்சு அங்கயே ஆரம்பிச்சிடும். எம்.ஜி. ரோடு பக்கம்னா மெட்ரோல வந்துடுங்க, சாயங்கால டிராஃபிக்ல மாட்டி லேட்டா வந்தா அவங்க நிகழ்ச்சிதான் முதல்ல முடிஞ்சிருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், பேசறது.

நம்ம தமிழ்ல ஒரு வசதி இருக்கு, வாங்கன்னா மரியாதை, வான்னா உரிமை, ரெண்டையும் எங்க சொல்லணும்னு சொல்லிக்குடுக்காமலே நமக்கு தெரியும். ஆனா டவுன் சிண்ட்ரோம் இருக்கற ஒருத்தரைப் பாத்ததும் அவருக்கு 35 வயசா இருந்தாலும் "என்ன கண்ணா, சாப்ட்டியா"ன்னு வாய் தானா போயிடுது, கன்னத்தைக் கிள்ளறாங்க. நான் அவளை வா போன்னு சொல்றது நான் சித்திங்கறதால. நீங்க முதல் தடவ பாக்கற 26 வயசு பொண்ணை எப்படி கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க, "வாங்க, உங்க பேரு என்ன, எங்க வேலை செய்யறீங்க". வாங்கன்னு கூப்பிட்டா அவ முதுகு நிமிர்றதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

கேள்வி கேட்டுட்டு காத்திருங்க. நிறைய பேருக்கு புரியறது சீக்கிரம் புரிஞ்சிடும், வார்த்தையா வெளிய வர்றதுக்குத்தான் நேரம் ஆகும், வாய் தசை, நாக்கு எல்லாம் கொஞ்சம் தளர்வா இருக்கும். போன தடவ எங்க டேபிள்ல ஒரு சார் அவகிட்ட "உங்களுக்கு என்ன பிடிக்கும்?"னு கேட்டார். அவ கண்ணாடியை மேல தள்ளினா, தண்ணி கிளாஸை ஒரு சுத்து சுத்தினா, உதடு ரெண்டு தடவ அசைஞ்சது, அக்கா பதில் சொல்ல வாயெடுத்தா நான் டேபிளுக்கு அடியில அவ கையைப் பிடிச்சுட்டேன். அந்த சார் போனைப் பாக்கல, வேற யார்கிட்டயும் திரும்பல, அப்படியே இருந்தார். அப்புறம் வந்தது, "பஸ் டிக்கெட் நானே வாங்குவேன், அது பிடிக்கும்". அந்த சார் செஞ்சதை நீங்களும் செஞ்சா போதும். புரியலைன்னா தலையாட்டி சமாளிக்காதீங்க, இன்னொரு தடவ சொல்லுங்கன்னு கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. நிறைய பேருக்கு காது கொஞ்சம் மந்தமா இருக்கும், அதனால ஸ்பீக்கர் பக்கத்துல நின்னுகிட்டு பேசாம கொஞ்சம் தள்ளி போய் முகம் தெரியற மாதிரி நின்னு பேசுங்க. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எது வருதோ அதுல பேசலாம். சின்ன வயசுல இவளுக்கு ஒரே மொழிதான் பேசணும்னு ஒரு தெரபிஸ்ட் சொன்னாங்க, எங்க பாட்டி கேக்கவே இல்ல, இன்னிக்கு வீட்ல தமிழும் ஆட்டோக்காரர்கிட்ட கன்னடமும் பேசறா.

சில வார்த்தைங்களை வீட்லயே விட்டுட்டு வாங்க. "பாவம்" வேணவே வேணாம். "தெய்வக் குழந்தை"ன்னு அன்பாத்தான் சொல்றீங்க, ஆனா தெய்வத்துக்கு யாரும் வேலை குடுக்க மாட்டாங்க, இவங்களுக்கு வேலை வேணும். இது வியாதியும் இல்ல, குணமாகிடுமான்னு கேக்காதீங்க. அம்மாகிட்ட போய் "ஸ்கேன்ல தெரியலையா, லேட் மேரேஜா"ன்னு கேக்காதீங்க, என் அக்கா இதை 26 வருஷமா கேட்டுட்டிருக்கா. அம்மா வயசு கூட கூட வாய்ப்பு கூடும்ங்கறது உண்மை, ஆனா சின்ன வயசு அம்மாக்களுக்குத்தான் குழந்தைங்க நிறைய பிறக்கறதால டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்கள்லயும் பாதிக்கு மேல அவங்களுக்குத்தான் பிறக்குது. யார் தப்பும் இல்ல. பெரும்பாலும் செல் பிரியும்போது ஒரு குரோமோசோம் பிரியாம போறதுதான் காரணம், குரோமோசோம் கூடுதலா இருக்குன்னு தெரிஞ்சதே 1959லதான்.

பஃபேல அவங்க தட்டுல நீங்களா குலாப் ஜாமூன் வைக்காதீங்க. தைராய்டு, கோதுமை ஒத்துக்காத பிரச்சனை எல்லாம் இவங்களுக்கு கொஞ்சம் அதிகம், அவங்ககிட்டயே கேளுங்க. மெதுவா மென்னு சாப்பிடுவாங்க, நீங்க முடிச்சுட்டு எழுந்துடாம கூட உக்காருங்க. கட்டிப்பிடிக்கறதும் அப்படித்தான், எல்லாருக்கும் பிடிக்கும்னு இல்ல, கை நீட்டுங்க, அவங்க விருப்பம். டான்ஸ் ஆட கூப்பிட்டா போங்க, ஆனா பசங்க கழுத்துல தொங்கறது, தூக்கி சுத்தறது, தலைகீழா பிடிக்கறது கூடவே கூடாது, சிலருக்கு கழுத்து எலும்பு மூட்டு லூசா இருக்கும், ஆபத்து. போட்டோ எடுக்கணும்னா அம்மா அப்பாகிட்ட மட்டும் கேட்டா போதாது, அவங்ககிட்ட கேளுங்க, எடுத்ததும் காட்டுங்க, இன்ஸ்டால போடலாமான்னு தனியா கேளுங்க.

ஏலம்னு ஒண்ணு நடக்கும், அவங்க வரைஞ்ச பெயின்டிங், செஞ்ச மண் விளக்கு, பைங்க எல்லாம் வெச்சிருப்பாங்க. பேப்பர்ல உங்க பேரும் தொகையும் எழுதணும், அதிக தொகை எழுதறவங்களுக்கு பொருள். வீட்ல மாட்டுவேன்னு தோணறதுக்கு மட்டும் எழுதுங்க, பரிதாபத்துக்கு வாங்கி பீரோ மேல போடறதுக்கு எழுத வேணாம், அதுக்கு நேரா நன்கொடை குடுத்துடலாம். வாங்கினா வரைஞ்சவரைத் தேடிப்போய் இதை எப்படி வரைஞ்சீங்கன்னு கேளுங்க, முடிஞ்சா பின்பக்கம் கையெழுத்து வாங்குங்க. எங்க பொண்ணு கையெழுத்து போட ரெண்டு நிமிஷம் ஆகும், ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு நுனி வெளிய வரும், பேனாவை மூடி குடுத்துட்டுத்தான் நிமிருவா.

கிளம்பும்போது "கண்டிப்பா போன் பண்றேன்"னு சும்மா சொல்லாதீங்க, அவ மறுநாள் போனை மடியில வெச்சுகிட்டே உக்காந்திருப்பா. நம்பர் வாங்கினீங்கன்னா காலையில சேந்து எடுத்த போட்டோவையும் ரெண்டு வரியும் அனுப்புங்க, நீளமா வேணாம், படம் பாத்து புரிஞ்சுக்கறதுல நிறைய பேர் கெட்டி. அந்த பஸ் டிக்கெட் சார் தன் ரெண்டு கலர் சாக்ஸைத் துவைச்சு கொடியில காயப்போட்டதை எடுத்து அனுப்பியிருந்தார், அவ அதை இன்னும் போன்ல வால்பேப்பரா வெச்சிருக்கா.