ஒரே ஒரு ஆளைப் பிடித்து ஜாஸ் கேட்பது எப்படி

ஜாஸ் கேட்கப் போகிறேன் என்று வரலாற்றை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினால் இரண்டு கிழமையில் அலுத்துவிடும். ஒரு கலைஞரைப் பிடியுங்கள், எந்த ஆண்டில் யாருடைய குழுவில் வாசித்தார் என்று பார்த்துக்கொண்டே கேளுங்கள். எங்களுக்கு இது புதுசில்லை. ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ திருவிழா மேளம் என்றால், நாதஸ்வரம் யார், தவிலுக்கு யார் என்றுதானே முதலில் விசாரிக்கிறோம்.

நான் சொல்லும் ஆள் ஜோன் கோல்ட்ரேன், சாக்சபோன். 1955இல் டிரம்பெட் வாசிக்கும் மைல்ஸ் டேவிசின் குழுவில் சேர்கிறார், ஹெரோயின் பழக்கத்தால் 1957இல் அந்த இடம் போகிறது, அதே ஆண்டில் பழக்கத்தை விட்டுவிட்டு நியூயோர்க்கின் ஃபைவ் ஸ்பொட் கிளப்பில் தெலோனியஸ் மங்க்கின் பியானோவோடு மாதக்கணக்கில் வாசிக்கிறார். 1958இல் திரும்பவும் மைல்சிடம், 1960இல் சொந்தக் குழு, 1967இல் 40 வயதில் மரணம். போதை ஏறினால்தான் வாசிப்பு வரும் என்று யாராவது கதை விட்டால் இந்த ஆண்டுகளைக் காட்டுங்கள்: அவருடைய பெரிய பதிவுகள் எல்லாம் விட்ட பிறகு வந்தவை. இன்னொரு சாக்சபோன்காரர் சார்லி பார்க்கர் அந்தப் பழக்கத்தை விடமுடியாமல் 34 வயதில் போய்ச் சேர்ந்தார்.

சரி, எதைக் கேட்பது? மைல்சுடன் 1956இல் வாசித்தது ஒன்று, மைல்சின் 1959 இசைத்தட்டு 'கைண்ட் ஒஃப் ப்ளூ', பிறகு சொந்தக் குழுவோடு 1964 டிசம்பரில் பதிந்த 'எ லவ் சுப்ரீம்'. இந்த வரிசையிலேயே கேளுங்கள், கடைசியை முதலில் போட்டால் தலை சுற்றும். தொடக்கத்தில் வரும் மெட்டை முணுமுணுக்க வரும்வரை திரும்பத் திரும்பப் போடுங்கள். தனி வாசிப்புத் தொடங்கியதும் அந்த மெட்டை மனதுக்குள் ஓடவிடுங்கள். அந்தக் காலத்து உருப்படிகள் பலவற்றில் 12 பாரோ 32 பாரோ (பார் என்றால் தாளத்தின் ஒரு சிறு அளவு) கொண்ட அதே சுற்றுத்தான் அடியில் ஓடிக்கொண்டிருக்கும், கற்பனை அதன்மேல். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் (அடித்தொனி) காதில் விழவே விழாது, இயர்ஃபோன் போடுங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பக்கத்தில் வாசிப்பவரைப் பிடித்து அடுத்த ஆளுக்குப் போங்கள். கோல்ட்ரேனின் டிரம்ஸ்காரர் எல்வின் ஜோன்ஸ். அவர் 1957இல் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் சாக்சபோன்காரர் சொனி ரொலின்சுக்கு வாசித்த பதிவு இருக்கிறது. ஒருவருடைய பதிவுகளில் வருடக்கணக்கில் இடைவெளி தெரிந்தால் ஏன் என்று தேடுங்கள், அங்கேதான் கதை. மங்க்குக்கு 1951இல் கிளப்புகளில் வாசிக்கும் அனுமதி அட்டையையே பறித்துவிட்டார்கள், நியூயோர்க்கில் வருடக்கணக்கில் பிழைப்பில்லை. ரொலின்சோ பெயர் உச்சத்தில் இருந்த 1959இல் தானாகவே மேடையை விட்டு, 1961 வரை வில்லியம்ஸ்பேர்க் பாலத்தில் போய் நின்று சாதகம் செய்தார். திரும்பி வந்து 1962இல் வெளியிட்டதைக் கேட்குமுன் அந்த 1957 பதிவை ஒருதரம் கேட்டுவிடுங்கள்.