தென்னந்தோப்புக்குள்ளிருந்து ட்ரோன் ஏற்றுவது எப்படி?

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பானாலும் கொள்ளிடக் கரை மூங்கில் குத்தானாலும் ஆபத்து முதல் முப்பது மீட்டரில்தான். மரத்தலையைத் தாண்டும் வரை அவசரம் கூடாது.

கிளம்பும் முன், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளமும் திருச்சியில் விமான நிலையமும் இருப்பதால் எல்லா ஊரும் பச்சை மண்டலம் (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி) அல்ல. பச்சையிலும் அதிகபட்ச வரம்பு 400 அடிதான். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலோ கோடியக்கரையிலோ வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது இடம். தென்னையை 25 அடிக்கு ஒன்றாக வைக்கிறோம், மட்டையோ 15 அடி நீளும். அதனால் நாலு மரத்துக்கு நடுவில் நின்றாலும் தலைக்கு மேலே ஓலை கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். மரம் விழுந்த இடைவெளி, களம், வாய்க்கால் மேடு என்று வானம் நன்றாகத் தெரியும் இடமாகத் தேடுங்கள். கீழே சருகு இருந்தால் கூட்டிவிட்டு ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் வையுங்கள். இறக்கைக் காற்றில் சருகு எழும்பி மோட்டாரில் சிக்கும்.

இனி முக்கியமானது. இலை அடர்த்தியில் ஜிபிஎஸ் சிக்னல் தடைபடும், தண்டுகளில் பட்டுத் திரும்பியும் வரும். ஹோம் பாயிண்ட், அதாவது ட்ரோன் தானாகத் திரும்பி வர வேண்டிய இடம், பதிவானதாகத் திரையில் வரும் வரை காத்திருங்கள். ஒருமுறை நான் காத்திருக்கவில்லை. ட்ரோன் மரத்தலைக்கு வந்த பிறகுதான் ஹோம் பாயிண்ட் பதிவானது, அதுவும் பக்கத்து மரத்தின் மேலே. திரும்பி வரச் சொன்னதும் நேராகப் பாளைக்குள் இறங்கியது.

சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை, மரங்களுக்குள் இருக்கும்போது 'அப்படியே நில்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஓலைக்குள்ளேயே மேலே ஏறப் பார்க்கும். மரத்தலையைத் தாண்டியதும் 'வீடு திரும்பு' என்று மாற்றிவிடுங்கள். மறந்தால், சிக்னல் போனதும் திரும்பி வராமல் அந்தரத்திலேயே நிற்கும். வீடு திரும்பும்போது ட்ரோன் பறக்கும் உயரம், அங்கே இருப்பதிலேயே உயரமான மரத்தைவிட 15 மீட்டராவது கூடுதலாக இருக்கட்டும்.

சரி, ஏற்றுவோம். இரண்டு மீட்டரில் நிறுத்தி அரை நிமிடம் பாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் இறக்கிவிடுங்கள். நிலையாக நின்றால் நேர்செங்குத்தாக, மெதுவாக ஏற்றுங்கள். மெல்லிய கீற்று பல சென்சார்களுக்குத் தெரியாது, அதனால் அண்ணாந்து பார்க்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அசைவே இல்லாவிட்டாலும் மேலே காற்று அடிக்கும், ஆடி மாதத்தில் கேட்கவே வேண்டாம். விடியற்காலைதான் நல்ல நேரம்.

பேட்டரி 40 சதவீதத்துக்கு வந்ததும் திரும்புங்கள். இடைவெளிக்கு மேலே வந்ததும் தானியங்கி இறக்கத்தை நிறுத்தி, கேமராவைக் கீழே திருப்பி, கையாலேயே இறக்குங்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலும் மட்டையில் மோதும்.

மாட்டிக்கொண்டால் உடனே மோட்டாரை நிறுத்துங்கள். கல் எறியவோ கழியால் தட்டவோ வேண்டாம், மரம் ஏறத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இறக்கியதும் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போடக் கூடாது.