அடுப்பு மூட்டாமல் செய்யும் ஆரஞ்சு எலுமிச்சை ஆற்றல் உருண்டைகள்

ஆரஞ்சின் மணம் அதன் சாற்றைவிடத் தோலில்தான் மிகுதியாக இருக்கிறது. பழத்தின் வெளித்தோலை உற்று நோக்கினால் ஊசிமுனை அளவில் சிறுசிறு குழிகள் தெரியும். அங்கெல்லாம் தோலுக்குள் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன; தோலை மடித்துப் பிழியும்போது கண் எரியும்படி தெறிப்பது அந்த எண்ணெய்தான். அதில் பெரும்பங்கு லிமோனீன் என்னும் மணப்பொருள்; அது நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். பேரீச்சம்பழத்தையும் பாதாமையும் கொண்டு பிடிக்கும் சிட்ரஸ் உருண்டைகளின் செய்முறை முழுவதும் இந்த உண்மையைச் சார்ந்தே அமைகிறது. மணத்தைத் தோலிலிருந்து எடுத்து, அதைப் பாதாமின் கொழுப்பில் ஏற்றி, சாற்றைக் கரண்டிக் கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டும். மணம் போதவில்லையே என்று சாற்றை ஊற்றிக்கொண்டே போனால் கலவை உருட்ட வராத கூழாகிவிடும்.

தேவையானவை

ஏறத்தாழ 20 உருண்டைகளுக்கு, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், பாதாம் 100 கிராம், ஓட்ஸ் 75 கிராம், இனிப்புச் சேர்க்காத உலர் தேங்காய்த் துருவல் 25 கிராம், பெரிய ஆரஞ்சு ஒன்று, எலுமிச்சை ஒன்று, உப்பு கால் தேக்கரண்டி ஆகியவை போதும். இந்த அளவுகளைக் கிண்ணத்தில் அளப்பதைவிடத் தராசில் நிறுப்பது நல்லது. பேரீச்சம்பழத்தை அழுத்தி நிரப்புகிறோமா, தளர்வாகப் போடுகிறோமா என்பதைப் பொறுத்து ஒரே கிண்ணத்தின் எடை வெகுவாக மாறும்.

ஓட்ஸில் தட்டையான வகையைத்தான் எடுக்க வேண்டும். அது ஆலையிலேயே ஆவியில் வெந்து, உருளைகளுக்கிடையே நசுக்கப்பட்டு வருவதால், வீட்டில் மறுபடி வேகவைக்காமலே உண்ணலாம். துண்டுகளாக நறுக்கிய கெட்டி ஓட்ஸ் இதற்கு உதவாது, பல்லில் கல்லாகக் கடிபடும். பாதாம், முந்திரி போன்றவை ஒவ்வாதவர்கள் அதே எடையில் சூரியகாந்தி விதையையோ பூசணி விதையையோ சேர்க்கலாம். அவற்றிலும் மணத்தை ஏந்திக்கொள்ளப் போதிய கொழுப்பு உண்டு. தேன் சேர்க்கும் செய்முறைகள் பல இருந்தாலும் நான் அதை விட்டுவிடுவதையே பரிந்துரைப்பேன். ஒட்டவைக்கும் வேலையைப் பேரீச்சம்பழமே செய்துவிடுகிறது; மேலும், ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது.

படி 1: தோலைத் துருவுதல்

இந்தச் செய்முறையில் பொறுமை தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். பழங்களை வெட்டுவதற்கு முன்பே துருவிவிட வேண்டும், ஏனெனில் சாறு பிழிந்த பழம் கைக்கு அடங்காமல் நசுங்கும். விற்பனைக்கு வரும் ஆரஞ்சுக்கும் எலுமிச்சைக்கும் ஈரம் வற்றாமல் இருக்க மெழுகுப் பூச்சு கொடுப்பது உண்டு. நாம் தோலையே உண்ணப்போவதால், பூச்சில்லாத பழம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வெதுவெதுப்பான நீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

துருவியின் மிகச் சிறிய பற்களின் மேல் பழத்தை அதிகம் அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். ஓரிடத்தில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை இழுத்தவுடன் பழத்தைத் திருப்பிவிட வேண்டும். நிறமுள்ள மேல்தோல் மிக மெல்லியது. அதன் கீழே பஞ்சாகத் தெரியும் வெண்பகுதியில் கசப்புதான் மிஞ்சும். துருவலின் நிறம் வெளிறத் தொடங்கினால் அந்த இடத்தை விட்டுவிடலாம். ஆரஞ்சிலிருந்து ஒரு மேசைக்கரண்டியும் எலுமிச்சையிலிருந்து ஒரு தேக்கரண்டியும் கிடைத்தால் போதுமானது. துருவியின் அடிப்புறத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருப்பதையும் வழித்தெடுங்கள், நல்ல மணமுள்ள பகுதியில் பாதி அங்கேதான் தங்கிவிடும்.

துருவலைத் திறந்து வைத்தால் மணம் காற்றோடு போய்விடும் என்பதால், உடனே உப்பைச் சேர்த்து விரல்நுனிகளால் அரை நிமிடம் கசக்குங்கள். உப்பின் கூர்மையான துகள்கள் எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் பைகளைக் கிழித்துவிடும். துருவல் பளபளப்பாகி, கிண்ணத்திலிருந்து எழும் மணம் சட்டெனக் கூடுவதை நீங்களே உணரலாம். பிறகு கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, எலுமிச்சையை மட்டும் பிழிந்து விதை நீக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சின் சாறு இதில் தேவைப்படாது. பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிடலாம்.

படி 2: பேரீச்சம்பழத்தைப் பதப்படுத்துதல்

கொட்டை நீக்கியது என்று உறையில் எழுதியிருந்தாலும், ஒவ்வொரு பழத்தையும் விரலால் பிளந்து பார்த்துவிடுங்கள். தப்பித்தவறி இருக்கும் ஒரு கொட்டை மிக்ஸியின் பிளேடையும் உண்பவரின் பல்லையும் பதம் பார்த்துவிடும். பழம் மென்மையாக இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். உலர்ந்து கெட்டியாக இருந்தால் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்து, துணியில் பரப்பி ஒற்றியெடுங்கள்.

படி 3: பாதாமும் ஓட்ஸும்

பாதாமை மிக்ஸியில் தொடர்ந்து ஓடவிடாமல், ஓரிரு நொடிகளாக விட்டுவிட்டு ஓட்டிக் கரகரப்பாகப் பொடியுங்கள். தொடர்ந்து அரைத்தால் சூட்டில் எண்ணெய் பிரிந்து, பொடி விழுதாக மாறிவிடும். அதன்பின் அதை மீட்க வழியில்லை. ஓட்ஸில் பாதியைப் பாதாமுடன் சேர்த்துப் பொடித்து, மறுபாதியை முழுதாகவே வைத்துக்கொண்டால், அரைத்த பங்கு ஈரத்தை உறிஞ்சி உருண்டைக்குப் பிடிமானம் தரும், முழுதாக உள்ளது கடிப்பதற்குச் சுவை தரும். அடுப்பே வேண்டாம் என்பது இதன் வசதி என்றாலும், ஓட்ஸை வெறும் வாணலியில் நான்கு நிமிடம் வறுத்து ஆறவைத்துச் சேர்த்தால் சுவை ஒரு படி உயரும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பொடியில் உப்பிட்ட தோல் துருவலைக் கொட்டி, கட்டியில்லாமல் பரவும்வரை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துக் கலந்து, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். தோலின் எண்ணெய் பாதாமின் கொழுப்பில் சேர்வது இந்த இடைவெளியில்தான்.

படி 4: கலவையைச் சேர்த்தல்

பேரீச்சம்பழத்தைத் தனியாக விழுதாக்குங்கள். சிறிய ஜாராக இருந்தால் இரண்டு தவணைகளில் அரைப்பது மோட்டாருக்கு நல்லது. விழுதுடன் பொடி, முழு ஓட்ஸ், தேங்காய்த் துருவலில் பாதி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் அழுத்திப் பிசையுங்கள்.

ஒரு கரண்டி கலவையை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். விரிசல் விடாமல் சேர்ந்து நின்று, கையில் பிசுபிசுப்பை விட்டுச் செல்லாமல் இருந்தால் பதம் சரி. உதிர்ந்தால் அரைத் தேக்கரண்டி அளவில் சாறு சேர்க்கலாம், மொத்தச் சாறு மூன்று தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேலும் ஈரம் தேவைப்பட்டால் இன்னும் இரண்டு பேரீச்சம்பழத்தை நசுக்கிச் சேர்ப்பதே சரி. கலவை இளகியிருந்தால் ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ் தூவி 10 நிமிடம் காத்திருங்கள். ஓட்ஸ் ஈரத்தை உடனே இழுப்பதில்லை. காத்திராமல் மேலும் மேலும் கொட்டினால், கொஞ்ச நேரத்தில் கலவை காய்ந்து உதிரத் தொடங்கும்.

படி 5: உருட்டுதல்

கலவையை மூடி அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் உருட்டுவது எளிதாகும். உள்ளங்கையைச் சற்றே ஈரமாக்கி, 20 கிராம் அளவில் எடுத்து, முதலில் விரல்களால் அழுத்திப் பிடித்து, பிறகு உருட்டுங்கள். ஒவ்வொன்றும் சிறு எலுமிச்சை அளவில் வரும். மீதித் தேங்காய்த் துருவலில் புரட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கலாம்.

சேமிப்பும் சத்தும்

புதிய தோலும் சாறும் சேர்ந்திருப்பதால் இதை வெளியில் வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஃபிரீசரில் மூன்று மாதம் வரை வைக்கலாம். எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். செய்த அன்றைவிட மறுநாள் மணம் சீராகப் பரவியிருக்கும்.

சர்க்கரை சேர்க்கவில்லை என்பதால் இதில் சர்க்கரையே இல்லை என்று கொள்ளக் கூடாது. பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இயற்கையான சர்க்கரைதான். அந்தக் கணக்கில் ஓர் உருண்டையில் ஏறத்தாழ 7 கிராம் சர்க்கரையும், 80 கலோரியும், புரதமும் நார்ச்சத்தும் தலா 2 கிராம் அளவிலும் இருக்கும். சிட்ரஸ் என்ற பெயரைக் கண்டு வைட்டமின் சி நிறையக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், சேரும் சாறு அவ்வளவு குறைவு. நடைப்பயிற்சிக்கு முன்போ, இரு வேளை உணவுக்கு இடையிலோ ஒன்று அல்லது இரண்டு போதும். நீரிழிவு உள்ளவர்கள் இதையும் அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளுக்கு முழு உருண்டையாகக் கொடுக்காமல் சிறு துண்டுகளாகக் கிள்ளிக் கொடுங்கள்.

பழத்தை மாற்றிப் பார்க்க விரும்பினால், ஆரஞ்சுக்குப் பதில் மாண்டரின் பயன்படுத்தலாம். அதன் தோல் தளர்வாக இருப்பதால் துருவும்போது இன்னும் மென்மையாக இழுக்க வேண்டும். கிரேப்ஃப்ரூட்டின் தோல் கசப்புக் கூடியது, பாதி அளவே போதும். ஆனால் அந்தப் பழம் கொழுப்பைக் குறைப்பதற்கான சில ஸ்டாட்டின் மாத்திரைகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் உடலில் செயல்படும் விதத்தை மாற்றக்கூடியது என்பதால், அவற்றை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சேர்க்க வேண்டாம்.