கல்லுப் பேரிக்காயும் கித்துல் பாணியும்

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைப் பக்கம் ரோட்டோரத்தில் விற்கிற பேரிக்காயைப் பச்சையாகக் கடித்தால் பல்தான் போகும். பழுக்கட்டும் என்று அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கவும் வேண்டாம். அது அவிக்கத்தான் லாயக்கு.

4 காயைத் தோல் சீவி, நாலாக வெட்டி, விதையையும் அதைச் சுற்றி மணல் மாதிரி நறநறக்கிற பகுதியையும் எடுத்துவிடுங்கள். வெட்டியதை உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தால் கறுக்காது. அலசிச் சட்டியில் போட்டு, மூழ்கிற அளவு தண்ணீர், விரல் நீளக் கறுவாப்பட்டை, தட்டின இஞ்சி கொஞ்சம். மூடி, மெல்லிய நெருப்பு. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு விறகடுப்பில் அரை மணித்தியாலம். கேஸ் என்றால் 20 நிமிடத்தில் பாருங்கள். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கவேண்டும்.

தண்ணீர் பாதியாக வற்றினபிறகுதான் கித்துல் பாணி (கித்துல் மரத்துப் பதநீரைக் காய்ச்சின பாகு), 4 மேசைக்கரண்டி. முதலிலேயே ஊற்றினால் காய் இறுகிப்போகும். அம்மாயியிடம் நான் திட்டு வாங்கினது அதற்குத்தான். போத்தலை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். போன மாதம் எனக்குக் கிடைத்தது வெறும் சீனிப்பாகு!

இறக்கி, கொதி அடங்கினதும் அரைக் கோப்பை கட்டித் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு. கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். வெளியே மழை பிடித்திருந்தால் ஆறவிடாமல் சாப்பிடுங்கள்.