மூன்றாம் நாள் பால் கட்டினால்

பிள்ளை பிறந்து மூன்று, நான்கு நாளில் மார்பு கல்லாக இறுகும். காம்பு தட்டையாகிவிட, பிள்ளை வாயை வைத்து வைத்து வழுக்கி அழும். வீட்டில் உடனே ‘பால் இல்லை’ என்று பால்மாவைத் தேடுவார்கள். உண்மையில் பால் கூடிப்போனதுதான் சிக்கல்.

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் காட்டித் தந்த வழி இது. பால் கொடுப்பதற்கு முன்னர் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் இரண்டு நிமிடம் ஒற்றுங்கள். பிறகு காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்திக் கொஞ்சம் பீய்ச்சுங்கள். கருவளையம் இளகினால் போதும்.

அப்புறம் பிள்ளை ஆவென்று வாய் திறக்கும்வரை பொறுங்கள். “மாரைப் பிள்ளைக்கிட்டக் கொண்டு போகாத புள்ள, பிள்ளைய மாருக்குக் கொண்டு வா” என்பார் மிஸ். பிள்ளையின் நாடி (மோவாய்) மார்பில் முட்ட வேண்டும்; காம்பு மட்டும் உள்ளே போனால் வெடிப்புத்தான். 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை கொடுங்கள், இரவிலும்.

பால் ஊறட்டும் என்று மாமி தரும் பால்சுறாப் புட்டா? சரி, ருசித்துச் சாப்பிடுங்கள். ஆனால் பால்கட்டை இளக்குவது கைதான். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாமல்.